கருவியை வாங்கும்போது கடையையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வரும். "பிள்ளைக்கு ஸ்விட்ச் வாங்கட்டோ, ஐபேட் வாங்கட்டோ? ஸ்டீம் டெக் எண்டு ஒண்டு இருக்காம், அதை கம்ப்யூட்டர் மாதிரியும் பாவிக்கலாமாம், உண்மையோ?" நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறபடியால் அந்தக் கேள்வி கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட, இந்த மாதப் பத்தியை இதற்கே ஒதுக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

கேட்கிற எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே நிலைமையில்தான் இருக்கிறோம். முப்பது, நாற்பது வயது. இங்கேயே பள்ளிக்கூடம் போனவர்கள். வீட்டில் இரண்டு பேரும் வேலை. பிள்ளை மத்தியானம் மிட்டாக்ஸ்டிஷில் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வரும். சூக்கில் வாடகை என்ன விலை என்று நான் சொல்லத் தேவையில்லை. விளையாட்டுக்கென்று தனி அறை, பெரிய மேசைக் கணினி எல்லாம் நினைக்கவும் ஏலாது. அதனால் கையில் அடங்குகிற ஒரு சாமான் வேணும். கொஞ்சம் விளையாடவும் வேணும், வீட்டு அலுவலுக்கும் உதவ வேணும். நியாயமான ஆசைதான். அது எவ்வளவு தூரம் நடக்கும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு தாளும் பேனையும்

கடைக்குப் போக முதல், "வீட்டு அலுவல்" என்று நீங்கள் நினைப்பது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கட வீடுகளில் அந்தப் பட்டியல் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: அம்மம்மா, அப்பப்பாவோடு வீடியோவில் கதைக்கிறது. தமிழ்ப் பாடசாலை வீட்டுப்பாடம். ஜெர்மன் பாடத்துக்கு ஏதாவது தேடிப் பார்க்கிறது. ரயிலில் ஒரு படம். சில நேரம் ஒரு கடிதம், ஒரு படிவம்.

முதல் வரியிலேயே பாதிக் கருவிகள் கழிந்துவிடும். ஸ்டீம் டெக்கில் கேமரா இல்லை. ஆசுஸின் ரோக் அலையிலும் இல்லை. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் இல்லை. 2025 ஜூன் 5ஆம் தேதி வந்த ஸ்விட்ச் 2க்குக் கேமரா தனியாக வாங்கிப் பூட்ட வேணும், அதுவும் விளையாடும்போது நண்பர்களோடு கதைக்கத்தான். அம்மம்மாவின் வாட்ஸ்அப் அதில் வராது.

இரண்டாவது வரி தமிழ் எழுத்து. ஐபேட்டிலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் தமிழ் விசைப்பலகை ஏற்கெனவே இருக்கிறது. அமைப்புகளுக்குள் போய்ச் சேர்த்துக்கொண்டால் போதும். தமிழ்99 முறையிலும் எழுதலாம், ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழாக்குகிற அஞ்சல் முறை மாதிரியும் எழுதலாம். நின்டெண்டோ ஸ்விட்ச்சின் மெனுக்களில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் எல்லாம் இருக்கும். தமிழ் இல்லை. ஸ்டீமிலும் அப்படித்தான்.

ஆக, உங்கள் பட்டியலில் முதல் இரண்டு வரியும் முக்கியம் என்றால், உங்களுக்கு வேண்டியது டேப்லெட். வீட்டில் ஏற்கெனவே டேப்லெட்டோ மடிக்கணினியோ இருந்தால் அந்த அலுவல் முடிந்தது; பிறகு விளையாட்டை மட்டும் யோசிக்கலாம். ஒரே சாமானில் எல்லாம் வேணும் என்று நிற்கும்போதுதான் தலையிடி தொடங்குகிறது.

மூன்று வகை

முதல் வகை, விளையாட்டுக்கென்றே செய்தது. நின்டெண்டோ ஸ்விட்ச் குடும்பம். 2017இல் முதலாவது வந்தது. 2019இல் ஸ்விட்ச் லைட், 2021இல் 7 அங்குல ஓஎல்இடி திரையோடு ஒன்று, இப்போது 7.9 அங்குலத் திரையோடு ஸ்விட்ச் 2. பழைய ஸ்விட்ச் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஸ்விட்ச் 2இலும் ஓடும். லைட்டின் எடை 275 கிராம்தான், ஆனால் அதை டிவியில் பூட்ட முடியாது. குடும்பமாக டிவிக்கு முன்னால் இருந்து விளையாட ஆசை என்றால் லைட் வேண்டாம். இந்த வகையில் சாதாரணமாக இணையம் பார்க்கிற வசதி கிடையாது. சில பெற்றோருக்கு அது குறை. எனக்கு அது இந்தக் கருவியின் மிகப் பெரிய நன்மை.

இரண்டாவது வகை, கையில் பிடிக்கிற கணினி. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் 2022இல் வந்தது, ஓஎல்இடி திரை வைத்தது 2023 நவம்பரில். உள்ளே ஓடுவது லினக்ஸ். விண்டோஸுக்கு எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். புரோட்டான் என்று ஒரு மென்பொருள் இடையில் நின்று, விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும். மொழிபெயர்ப்பாளர் வேலை, எங்கட அப்பா அம்மாவுக்காக கெமைண்டே அலுவலகத்தில் நாங்கள் சின்ன வயதில் செய்த அதே வேலை. பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். ஆனால் ஏமாற்று விளையாட்டைத் தடுக்கிற காவல் மென்பொருள் வைத்த சில இணைய விளையாட்டுகள் இந்த மொழிபெயர்ப்பை ஏற்காது. ஃபோர்ட்நைட் அப்படி ஒன்று. ஆகவே பிள்ளையிடம் "நீ விளையாட விரும்புகிற மூன்று விளையாட்டுச் சொல்லு" என்று முதலில் கேளுங்கள். அந்த மூன்றும் எதில் ஓடும் என்று பார்த்துவிட்டுத்தான் கருவி.

ஸ்டீம் டெக்கை டெஸ்க்டாப் நிலைக்கு மாற்றி, திரை, விசைப்பலகை, மவுஸ் பூட்டினால் அது உண்மையிலேயே ஒரு கணினி. ஃபயர்ஃபாக்ஸ் ஓடும், லிப்ரே ஆபிஸில் கடிதம் எழுதலாம். ரோக் அலை விண்டோஸ் 11இலேயே ஓடுகிறது, அதனால் எந்த மென்பொருளும் போடலாம். ஆனால் இந்தப் பூட்டுகிற சாமான்களுக்கு எங்கட வீட்டில் ஒரு மேசை வேணும், அதைப் பராமரிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்கள்தான். இந்த வகை பெற்றோருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைக்கும் நல்லது. ஏழு வயதுப் பிள்ளையின் கைக்கு 640 கிராம் பாரமும்கூட.

மூன்றாவது வகை டேப்லெட். பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் அல்லது பிளேஸ்டேஷன் கட்டுப்படுத்தி ஒன்றை புளூடூத் வழியாக இணைத்தால், அதே டேப்லெட் ஓரளவு நல்ல விளையாட்டுக் கருவியாகிவிடும். புதுக் கருவி வாங்க முதல் இதை ஒருக்கால் செய்து பாருங்கள். செலவு ஒரு கட்டுப்படுத்தியின் விலை மட்டும்தான்.

பற்றரி கணக்கு

விளம்பரத்தில் "2 முதல் 6.5 மணி நேரம்" என்று போட்டிருக்கும். ஏன் இவ்வளவு இடைவெளி? கணக்கு சின்னது. பற்றரியின் கொள்ளளவு வாட்-மணியில் இருக்கும். கருவி எத்தனை வாட் இழுக்கிறதோ அதால் பிரித்தால் நேரம். ஸ்டீம் டெக் ஓஎல்இடியில் 50 வாட்-மணி. பெரிய முப்பரிமாண விளையாட்டு 25 வாட் இழுத்தால் 2 மணி நேரம். சின்னப் படவிளையாட்டு 8 வாட் இழுத்தால் 6 மணி நேரத்துக்கு மேல். ஆகவே "இந்தக் கருவியின் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும்?" என்ற கேள்விக்குப் பதில் பிள்ளை என்ன விளையாடுகிறது என்பதில் இருக்கிறது.

ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சூரிச்சிலிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ போய்ச் சேர அரை நாள் எடுக்கும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேணும், 100 வாட்-மணிக்குள் இருக்க வேணும். 20,000 எம்ஏஎச் என்றால் கிட்டத்தட்ட 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. ஆனால் சில விமான நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பாவிக்க விடுவதில்லை, முதலே பாருங்கள். ஸ்விட்ச் 2க்கு வருகிற சில அட்டைகளுக்குள் விளையாட்டே இருக்காது. அட்டை ஒரு திறப்பு மாதிரி, விளையாட்டை இணையத்திலிருந்து இறக்க வேணும். பெட்டியின் முன்பக்கத்திலேயே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். வீட்டிலேயே இறக்கி வைத்தால் தப்பினீர்கள். அப்பப்பாவின் வீட்டு முற்றத்தில் டேட்டா தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

கடை எங்கே இருக்கிறது?

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

கேம்பாய் 1990இல் ஐரோப்பாவுக்கு வந்தது. எங்களில் பலர் அதைப் பள்ளிக்கூட வகுப்புத் தோழனின் கையில்தான் முதலில் பார்த்திருப்போம். நாலு பென்டோர்ச் பற்றரி, ஒரு அட்டை. அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அதில் நூறு மணித்தியாலம் விளையாடினாலும் அது வீட்டாரிடம் இன்னொரு பிராங்க் கேட்காது. கடை வேறு, கருவி வேறு. கடைக்குப் போக அப்பாவின் கை வேணும், அவரின் பர்ஸ் வேணும்.

இப்போது கடை கருவிக்குள் வந்துவிட்டது. நின்டெண்டோ வாங்கினால் ஈஷாப். ஸ்டீம் டெக் வாங்கினால் ஸ்டீம். டேப்லெட் வாங்கினால் ஆப் ஸ்டோர் அல்லது கூகுள் பிளே. திரை எத்தனை அங்குலம் என்பதை விட, பிள்ளை எந்தக் கடைக்குள் தினமும் நிற்கப் போகிறது என்பதுதான் பெரிய முடிவு. திரை மூன்று வருடத்தில் பழசாகும். கடையில் பழகின பழக்கம் நீண்ட நாள் நிற்கும்.

இந்தக் கடைகளில் மிகவும் கவனம் வேண்டியது "இலவசம்" என்ற பகுதி. 40, 50 பிராங்க் கொடுத்து வாங்குகிற விளையாட்டைச் செய்தவருக்கு அதோடு காசு வந்துவிட்டது. பிள்ளை விளையாடி முடித்து மூடி வைத்தாலும் அவருக்கு நட்டமில்லை. இலவச விளையாட்டைச் செய்தவருக்கு அப்படியில்லை. பிள்ளை நாளைக்கும் வர வேணும், காத்திருந்து சலிக்க வேணும், அந்தச் சலிப்பில் காசு கொடுக்க வேணும். அதனால்தான் நேரம் ஓடுகிற கடிகாரம், பகட்டான பெட்டி, "இன்றைக்கு மட்டும்" என்ற அறிவிப்பு எல்லாம். இது நான் வேலை செய்கிற துறையில் தினமும் அளந்து, சோதித்து, திருத்திச் செய்கிற வேலை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதை எதிர்த்து நிற்கிற மனவுறுதி இருக்க வேணும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

மூன்று கடையிலும் பெற்றோருக்குப் பூட்டு இருக்கிறது. நின்டெண்டோவுக்குப் பெற்றோர் செயலி ஒன்று உங்கள் ஃபோனில் வரும். எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்று காட்டும். ஒரு குடும்பக் குழுவில் 8 பேர் வரை சேரலாம், இணையத்தில் வாங்கின விளையாட்டை ஒருவர் மற்றவருக்கு இரண்டு கிழமைக்கு இரவல் கொடுக்கலாம். ஸ்டீமில் ஒரு வீட்டில் 6 பேர் வரை சேர்ந்து ஒருவர் வாங்கினதை மற்றவரும் விளையாடலாம், ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இரண்டு பேர் விளையாட முடியாது. ஆப்பிளில் பிள்ளை எதையாவது வாங்க அழுத்தினால் உங்கள் ஃபோனுக்கு அனுமதி கேட்டு வரும். கூகுளில் ஃபேமிலி லிங்க். எதை வாங்கினாலும், பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுக்க முதல் நாள் இரவு இந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள். கொடுத்த பிறகு போட்டால் அது தண்டனை மாதிரித் தெரியும். முதலே இருந்தால் அது கருவியின் இயல்பு மாதிரி.

பெட்டியில் உள்ள பெகி எண்ணையும் பாருங்கள்: 3, 7, 12, 16, 18. திரைப்படங்களுக்கும் வீடியோ விளையாட்டுகளுக்குமான இளையோர் பாதுகாப்புச் சட்டம் சுவிஸில் 2025 ஜனவரி 1இலிருந்து நடைமுறைக்கு வந்திருக்கிறது. எண் பொருத்தம் என்று சொல்வது உள்ளடக்கத்தை. விளையாட்டு கடினமா, பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதை அது சொல்லாது.

சுவிஸில் வாங்கும்போது

ஜெர்மனியில் மலிவு என்று வாகனத்தை எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. முன்பு ஆளுக்கு 300 பிராங்க் வரை வரி இல்லாமல் கொண்டு வரலாம். 2025 ஜனவரி 1இலிருந்து அது 150. வாகனத்தில் ஐந்து பேர் இருந்தாலும், ஒரே சாமானின் பெறுமதி 150க்கு மேல் என்றால் அதைப் பிரித்துக் கணக்குக் காட்ட முடியாது; முழு விலைக்கும் 8.1 வீதம் கட்ட வேணும். ஜெர்மனியின் 19 வீதத்தை முத்திரை குத்திய படிவத்தோடு திருப்பி எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எரிபொருள், ஒரு சனிக்கிழமை, பழுதானால் திரும்பவும் எல்லை கடக்கிற அலைச்சல் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே வாங்குகிற சாமானில் தடித்த வட்டப் பிளக் இருந்தால் அது எங்கட சுவரில் போகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இங்கே கடையில் புதிதாக வாங்கினால் குறைபாட்டுக்குக் கடையின் பொறுப்பு பொதுவாக 2 வருடம். பாவித்ததைக் கடை விற்றால் அதை ஒரு வருடமாகக் குறைக்கலாம். ரிக்கார்டோ, டுட்டியில் தனியாளிடம் வாங்கினால் அவர் பொறுப்பே இல்லை என்று எழுதிவிடலாம். அதற்காகப் பாவித்தது கூடாது என்று இல்லை. நேரில் போய் வாங்குங்கள். கை எடுத்த பிறகும் திரையில் உருவம் தானாக நகர்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் ஏறுகிறதா, டிவியில் படம் வருகிறதா என்று பாருங்கள். பழைய ஆளின் கணக்கு முழுதாக நீக்கப்பட்டிருக்க வேணும். பழுதான பழைய கருவியைக் குப்பையில் போடாதீர்கள். அந்த வகைச் சாமான் விற்கிற எந்தக் கடையும் காசு கேட்காமல் திருப்பி எடுக்க வேணும். அந்தச் செலவை வாங்கும்போதே விலைக்குள் கட்டிவிட்டோம்.

வாங்காமலும் ஒரு வழி இருக்கிறது. சுவிஸில் பல ஊர்களில் லுடோதேக் இருக்கிறது. விளையாட்டுப் பொருட்களுக்கான நூலகம். சிலவற்றில் வீடியோ விளையாட்டும் இரவல் கிடைக்கும். சில நூலகங்களிலும் உண்டு. பிள்ளை மூன்று நாளில் சலித்துப் போகிற விளையாட்டுக்கு 60 பிராங்க் கொடுக்க வேண்டியதில்லை.

அம்மம்மாவுக்கும் ஒரு இடம்

எங்கட தலைமுறைக்கு இதில் ஒரு உறுத்தல் உண்டு. எங்கட அப்பா அம்மா இரண்டு வேலை செய்து, "படி, விளையாடினது காணும்" என்று சொல்லி வளர்த்தவர்கள். அதே வீட்டில் நாங்கள் பிள்ளைக்குக் காசு கொடுத்து விளையாட்டு வாங்குகிறோம். அம்மம்மா பார்த்துக்கொண்டு இருக்கிறா. ஒண்டும் சொல்ல மாட்டா, ஆனால் பார்வை சொல்லும்.

அதற்காக ஒரு விளையாட்டைச் சொல்கிறேன். பெயர் "வெண்பா". டொரொண்டோவில் உள்ள விசை கேம்ஸ் செய்தது, 2023 ஜூலை 31இல் வெளிவந்தது. 1980களில் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ் அம்மா, அவவின் மகன், அம்மாவிடமிருந்து வந்த பழைய சமையல் குறிப்பேடு. குறிப்பேட்டில் சில இடங்கள் அழிந்து போயிருக்கும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்கு மாவும் தேங்காய்ப்பூவும் எந்த வரிசை என்று விளையாடுகிறவர் கண்டுபிடிக்க வேணும். மகன் வளர வளர தமிழ் அவனிடமிருந்து விலகிப் போவதுதான் கதை. 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. ஸ்விட்ச்சிலும் ஓடும், ஸ்டீமிலும் வாங்கலாம். ஒரு மழைப் பின்னேரத்தில் முடிந்துவிடும். உள்ளே வேறு எதையும் விற்காது.

எங்கட வீட்டில் அதை டிவியில் போட்டு விளையாடினோம். இட்லித் தட்டில் மகள் தடுமாற, பின்னால் கதிரையில் இருந்த அம்மம்மா, "ஓட்டைக்கு மேல ஓட்டை வராமல் வை பிள்ளை, ஆவி போக வேணும்" என்றா. மகள் திரும்பிப் பார்த்தா. அம்மம்மாவுக்கு விடை தெரிகிற ஒரு விளையாட்டு இருக்கும் என்று அவ நினைத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புட்டு அவித்தது இரண்டு பேரும் சேர்ந்து.

கருவி எல்லாம் இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டிவியில் பூட்டக்கூடியது, இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கக்கூடியது என்ற இரண்டு குணமும் விலைப்பட்டியலில் சின்ன எழுத்தில் இருக்கும். எனக்கு அவைதான் பெரிய எழுத்து.

என்ன வாங்கலாம்?

பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, வீட்டில் ஏற்கெனவே டேப்லெட் அல்லது மடிக்கணினி இருக்கிறது என்றால், டிவியில் பூட்டக்கூடிய பாவித்த ஸ்விட்ச் போதும். ஸ்விட்ச் 2க்கு அவசரமில்லை, பிள்ளை கேட்கிற விளையாட்டு அதில் மட்டும் வந்திருந்தால் தவிர.

வீட்டில் ஒன்றுமே இல்லை, ஒரு சாமானுக்குத்தான் காசு என்றால் டேப்லெட்டும் ஒரு கட்டுப்படுத்தியும். அம்மம்மாவோடு கதைக்கலாம், தமிழ் எழுதலாம், விளையாடலாம். பாதுகாப்பு மேம்படுத்தல் எத்தனை வருடம் வரும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள். இலவச விளையாட்டுகளின் கதவை மூடிவிட்டு, ஒருமுறை காசு கொடுத்து வாங்குகிற நாலைந்து விளையாட்டை மட்டும் நீங்களே தெரிந்து போடுங்கள்.

பதினான்கு, பதினைந்து வயது, கணினியில் நோண்டிப் பார்க்கிற ஆர்வம் உள்ள பிள்ளை என்றால் ஸ்டீம் டெக்கை யோசிக்கலாம். அதைக் கழற்றிப் பூட்டி, லினக்ஸ் பழகி, எதையாவது உடைத்துத் திருத்தினால் அதுவும் படிப்புத்தான்.

எதை வாங்கினாலும் அது யாருடையது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கட வீட்டில் அது வீட்டுக்குச் சொந்தம், பிள்ளைக்கு அல்ல. இரவில் அது குசினி மேசையில் சார்ஜ் ஆகும், படுக்கையறைக்குப் போகாது. அந்த விதி எங்கட ஃபோன்களுக்கும் உண்டு. அந்தக் கடைசி வசனம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் மிகவும் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் இரண்டாம் நாளே பழகிவிட்டார்கள்.

அடுத்த மாதம், பிள்ளையின் முதலாவது ஃபோனுக்கு எந்த சிம் அட்டை, என்ன வரம்பு என்று எழுதுகிறேன். கேள்வி இருந்தால் இப்போதே அனுப்பி வையுங்கோ.